முக்காடு களையாத கைப்பந்து வீராங்கனை



அஸர் தொழுகை முடிந்து வெயில் தாழும் வேளையில் நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பெரியபட்டினமானாலும் கீழக்கரையானாலும், வெட்டவெளி மணற்பரப்பில் இரண்டு கம்பங்களை நட்டு, குறுக்கே வலை கட்டி, இளைஞர்கள் கைப்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். வாலிபால் என்று சொன்னால்தான் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். சஃபரிலிருந்து விடுமுறைக்கு வந்த காக்காமார்களும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவார்கள். மஃரிபு பாங்கு ஒலிக்கும்வரை ஆரவாரம் ஓயாது.

அந்த ஆட்டத்தை வாசல் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கும் ஒரு சிறுமியையும் நீங்கள் அறிவீர்கள். அவள் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். எல்லை தாண்டிய பந்து முற்றத்தில் வந்து விழுந்தால், ஓடிப்போய் எடுத்து, ஓங்கி எறிந்துவிட்டு உள்ளே வருவாள். அந்த எறிதலில் எத்தனை வேகம் இருந்தது என்பதை எவரும் கவனிப்பதில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளில் அவள் பருவமடைவாள். அதன்பின் பந்து விழுந்தாலும் அவள் வெளியே வரமாட்டாள். வேறொரு சின்னப் பிள்ளை எடுத்து எறியும்.

இது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதைப் பற்றி நாம் ஒருமுறையேனும் உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா? அப்படி யோசிப்பதற்குத் துணையாக, நம்மைப் போலவே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, தலையிலிருந்த முக்காட்டைக் களையாமலேயே கைப்பந்தைத் தன் தொழிலாகக் கொண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கடலுக்கு அப்பால்

அந்தப் பெண்மணி இந்தோனேசியாவின் ஜாவாத் தீவைச் சேர்ந்தவர். ஜாவா என்றதும் நமக்குத் தொலைவான தேசமாகத் தோன்றலாம். ஆனால் நம் கரைக்கு அது புதிய பெயரன்று. 14ஆம் நூற்றாண்டில் மாபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரைக்கு வந்த பயணி இப்னு பதூதா, 'ஃபத்தன்' என்னும் அழகிய துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது நம் பெரியபட்டினமே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இவ்வூரில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. சீனத்துக்குச் செல்லும் கப்பல்களுக்கு ஜாவாவும் சுமத்திராவும் வழித்தங்கல். அந்தக் கடல்வழியில் நம் முன்னோர் சரக்கும் கொண்டு சென்றார்கள். ஸலாமும் சொல்லிச் சென்றார்கள். இன்று உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடு இந்தோனேசியாதான். நம்மைப் போலவே அவர்களிலும் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். ஆகவே, இது அண்டை வீட்டுப் பெண்ணின் கதை என்றே எண்ணிப் படியுங்கள்.

ஜெம்பரில் பிறந்தவர்

மெகாவதி ஹங்கெஸ்திரி பெர்த்திவி என்பது அவருடைய பெயர். கிழக்கு ஜாவாவில் ஜெம்பர் என்னும் வட்டாரத்தில் 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் பிறந்தார். ஜெம்பர் புகையிலைக்குப் பேர்போன ஊர். மார்க்கக் கல்விக்கூடங்களும் நிறைந்த பகுதி.

மெகாவதியின் உயரம் 185 சென்டிமீட்டர். அதாவது, ஆறடிக்கு ஓரங்குலம் மேல். நம் பக்கத்தில் ஒரு பெண் இவ்வளவு உயரம் வளர்ந்தால், அவளைப் பெற்றவர்களுக்கு முதலில் வரும் கவலை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. "இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது?" என்று சொந்தபந்தங்கள் அனைவரும் சேர்ந்து கேட்பார்கள். அந்த உயரத்தை அல்லாஹ் தந்த ஓர் அமானிதமாகக் கொண்டு பயன்படுத்தியவர் மெகாவதி.

இந்தோனேசியாவில் கைப்பந்துக்கென்று 'ப்ரோலிகா' என்னும் தொழில்முறைப் போட்டித் தொடர் 2002 முதல் நடந்து வருகிறது. பெருநிறுவனங்களும் வங்கிகளும் சொந்த அணிகளை வைத்திருக்கின்றன. மெகாவதி இளம் வயதிலேயே இத்தொடரில் ஆடத் தொடங்கி, நாட்டின் தேசிய அணியிலும் இடம் பெற்றார். பின்னர் தாய்லாந்திலும் வியட்நாமிலும் உள்ள கழகங்களுக்காகவும் ஆடினார். அவருடைய அடியின் வேகத்தைக் கண்ட இரசிகர்கள், திரைப்படத்தில் வரும் இரும்பு இயந்திர அரக்கனின் பெயரைச் சேர்த்து, 'மெகாட்ரான்' என்று செல்லப் பெயர் சூட்டினார்கள்.

அவர் ஆடும் இடம் எது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர். ஓர் அணிக்கு ஆறு பேர். எதிரணியின் பந்தை வாங்கி, ஒருவர் உயர்த்திக் கொடுக்க, மற்றொருவர் எம்பிக் குதித்து ஓங்கி அடிப்பார். பந்தை உயர்த்திக் கொடுப்பவருக்கு நேர் எதிர்மூலையில் நிற்பவரே பெரும்பாலும் அணியின் முதன்மையான அடியாளர். முன்வரிசையிலும் அடிக்க வேண்டும்; பின்வரிசைக்குப் போனாலும் தாக்குதல் கோட்டுக்குப் பின்னாலிருந்து எம்பி அடிக்க வேண்டும். இக்கட்டான நேரத்தில் பந்து அவரைத் தேடித்தான் வரும். புள்ளி கிடைத்தால் புகழும், தவறவிட்டால் பழியும் அவருக்கே. மெகாவதியின் இடம் அதுதான்.

கொரிய நாட்டில் இரண்டு ஆண்டுகள்

தென்கொரியாவின் 'வி-லீக்' ஆசியாவின் முன்னணிக் கைப்பந்துத் தொடர்களுள் ஒன்று. பெண்கள் பிரிவில் ஏழு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை 36 ஆட்டங்கள். ஆசிய நாடுகளிலிருந்து ஒவ்வோர் அணியும் ஒரு வீராங்கனையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 2023இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த முதல் தேர்விலேயே, தேஜான் நகரத்தின் 'ரெட் ஸ்பார்க்ஸ்' அணி மெகாவதியைத் தேர்ந்தெடுத்தது. அந்த லீக்கில் ஆடிய முதல் இந்தோனேசியப் பெண் அவரே; முக்காடு அணிந்து ஆடிய முதல் பெண்ணும் அவரே. முதல் ஆண்டு ஊதியம் ஒரு இலட்சம் அமெரிக்க டாலர்.

கொரியாவில் முஸ்லிம்கள் மிகச் சிலர். தலைநகர் சியோலில் மத்தியப் பள்ளிவாசல் எழுந்ததே 1976இல்தான். தேகு என்னும் நகரில் முஸ்லிம் மாணவர்கள் ஒரு பள்ளிவாசல் கட்ட முயன்றபோது அண்டை அயலார் 2021 முதல் கடுமையாக எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2022இல் பள்ளிவாசலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த பிறகும், கட்டட வாசலில் பன்றித் தலைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் செய்தி உலகெங்கும் பரவிய மறு ஆண்டில்தான், முக்காடிட்ட இந்த இளம்பெண் அதே நாட்டின் ஆடுகளத்தில் கால் வைத்தார்.

நடந்தது என்ன? நீண்ட கைச்சட்டையும், கால்களை மூடும் உள்ளாடையும், தலையை இறுகச் சுற்றிய விளையாட்டு முக்காடும் அணிந்து அவர் ஆடினார். முதற்சுற்றின் முடிவிலேயே அச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் 700 புள்ளிகளுக்கு மேல் குவித்தார். ஏழு ஆண்டுகளாக இறுதிச் சுற்றுகளின் வாசலையே மிதிக்காதிருந்த ரெட் ஸ்பார்க்ஸ் அணி, 2024இல் அங்கே நுழைந்தது. கொரியாவில் பிழைப்புக்காக வந்திருந்த இந்தோனேசியத் தொழிலாளர்களும் மாணவர்களும் அரங்கில் திரண்டார்கள். அவர்களோடு கொரிய மக்களும் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். 2024 ஏப்ரலில் அந்த அணி ஜகார்த்தாவுக்கே சென்று, இந்தோனேசிய வீராங்கனையருடன் நட்பு ஆட்டம் ஆடியது.

சகோதரிகளே, ஓர் அரங்கத்துக் கைதட்டல் ஒரு நாட்டின் மனத்தை மாற்றிவிட்டது என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆயினும், முக்காடு என்றாலே அச்சத்தோடு பார்த்த கண்கள் பல, அந்த முக்காட்டுக்குக் கீழே ஒரு திறமையும் ஒழுக்கமும் இருப்பதைக் கண்டன. அதற்கு அவர் மேடையேறிச் சொற்பொழிவு நிகழ்த்தவில்லை. தம் வேலையைச் செம்மையாகச் செய்தார், அவ்வளவுதான்.

ஐந்தாவது ஆட்டம்

இரண்டாவது பருவம் இன்னும் சிறப்பாக அமைந்தது. 2024-25இல் ரெட் ஸ்பார்க்ஸ் தொடர்ச்சியாக 13 ஆட்டங்களை வென்றது. மெகாவதி 800 புள்ளிகளைத் தாண்டினார். அடித்த பந்துகளில் எத்தனை புள்ளியாயின என்னும் விகிதத்தில் லீக்கிலேயே அவருக்குத்தான் முதலிடம். ஏறக்குறைய இரண்டு அடிகளுக்கு ஒன்று புள்ளியாயிற்று. 13 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அணி சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடருக்குள் நுழைந்தது.

எதிரே நின்றது இஞ்சியோன் நகரத்தின் 'பிங்க் ஸ்பைடர்ஸ்'. கொரியக் கைப்பந்தின் தலைமகள் என்று போற்றப்படும் கிம் இயோன் கூங் ஓய்வு பெறுமுன் ஆடிய கடைசித் தொடர் அது. ஐந்தில் மூன்று ஆட்டங்களை வெல்பவருக்குப் பட்டம். முதல் இரண்டையும் ரெட் ஸ்பார்க்ஸ் இழந்தது. மூன்றாவது ஆட்டத்திலும் முதல் இரண்டு செட்டுகள் போயின. எல்லாம் முடிந்தது என்று அனைவரும் எண்ணிய அந்த இடத்திலிருந்து மீண்டெழுந்து அந்த ஆட்டத்தை வென்றார்கள், நான்காவதையும் வென்றார்கள். 2025 ஏப்ரல் 8ஆம் நாள் நடந்த ஐந்தாவது ஆட்டமும் ஐந்து செட்டுகள் நீண்டது. கடைசி செட்டில் 15-13 என்ற கணக்கில் பட்டம் எதிரணிக்குப் போயிற்று. இரண்டே இரண்டு புள்ளிகள்!

அதற்கடுத்த சில நாட்களில் கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மெகாவதி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. உடல்நலம் குன்றிய தாயாருக்கு அருகில் இருக்க வேண்டித் தாய்நாடு திரும்புகிறார் என்பதே அந்த அறிவிப்பு. இன்னும் ஓராண்டு இருந்திருந்தால், எட்டாமற்போன பட்டம் கிட்டியிருக்கக்கூடும்.  அவரோ உம்மாவின் பக்கத்தைத் தேர்ந்துகொண்டார். அவ்வாண்டு ஜூலையில் திருமணமும் நடந்தேறியது. அதன்பின் துருக்கியின் மனிசா நகரக் கழகத்துக்காக மீண்டும் களமிறங்கினார்.

அறப்போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒரு தோழரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கின்றனரா என்று வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்யுமாறு திருப்பி அனுப்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் நாம் அறிந்ததே. 'விளையாட்டில் விட்டால் பெண் கைமீறிப் போய்விடுவாள்' என்று அஞ்சும் பெற்றோர்கள், இந்தப் பெண்ணின் இந்த ஒரு முடிவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இங்கே ஒரு கேள்வி உங்கள் உள்ளத்தில் எழும், எழ வேண்டும். ஆண்கள் நிறைந்த அரங்கில், தொலைக்காட்சியில் உலகமே பார்க்க, ஒரு முஸ்லிம் பெண் குதித்து ஆடுவது தகுமா?

இதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. உடலசைவுகள் அந்நிய ஆடவர் பார்வையில் படும் வண்ணம் ஆடுவது கூடாது என்போர் பலர். ஆடை ஒழுக்கம் முழுமையாகப் பேணப்பட்டால் ஆடலாம் என்ற நிபந்தனையோடு இசைவளிப்போரும் உளர். இவ்விரு கருத்துகளுக்கிடையே தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஆனால், பெண் ஆடுவதே ஆகாது, ஓடுவதே ஆகாது என்று எவரேனும் சொன்னால், அதற்கு மார்க்கத்தில் இடமில்லை. அபூதாவூதிலும் அஹ்மதிலும் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். ஒரு பயணத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அன்னையார் வென்றார்கள். பின்னர் அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்த காலத்தில் மற்றொரு பயணத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்றார்கள். அதற்கு இது ஈடாயிற்று என்று புன்னகையோடு கூறினார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி இருக்கிறது. ஓடுவதற்கு முன், உடன் வந்த தோழர்களை முன்னே செல்லுமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஒரு பெண் ஓடுவதற்காக ஆண்கள் விலகிச் சென்றார்கள். அவருக்கென்று வெளி ஒன்று உண்டாக்கப்பட்டது. 'பார்ப்பார்கள், எனவே ஓடாதே' என்று அங்கே சொல்லப்படவில்லை. பார்வையை அகற்றிவிட்டு ஓடச் செய்தார்கள். எத்தனை அழகிய முன்மாதிரி!

இம்முன்மாதிரியை ஒரு நாட்டளவில் செய்து காட்டியதும் உண்டு. 1993ஆம் ஆண்டு ஈரானின் தலைநகர் தெஹ்ரானில் முஸ்லிம் நாடுகளின் பெண்களுக்கென்று விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஆடியவர்கள் பெண்கள், நடுவர்கள் பெண்கள், பார்வையாளர்களும் பெண்கள். கைப்பந்தும் அதில் ஒன்று. 2005 வரை இப்போட்டிகள் நான்குமுறை நடந்தன.

பொதுவெளியில் ஆட விரும்புவோருக்கும் வாசல்கள் படிப்படியாகத் திறந்தன. 2011இல் முக்காடு அணிந்ததற்காக ஈரானியப் பெண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஆட முடியாமற்போயிற்று. அந்தத் தடையைக் கால்பந்துச் சம்மேளனம் 2014இல் நீக்கியது. கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல் நீக்கியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தைச் சேர்ந்த துஆ அல்கோபாஷி, கடற்கரைக் கைப்பந்தில் முழுக்கை, முழுக்கால் ஆடையும் முக்காடும் அணிந்து ஆடினார். அவருக்கு வயது அப்போது 19. நீச்சலுடையில் நின்ற ஜெர்மானிய வீராங்கனையும் முழுதும் மூடிய துஆவும் வலையின் இருபுறமும் எம்பிக் குதிக்கும் புகைப்படம் உலகச் செய்தித்தாள்கள் அனைத்திலும் வந்தது. அந்த ஆட்டத்தில் துஆவின் இணை தோற்றது. ஆனால் ஆடை குறைத்தால்தான் ஆட முடியும் என்ற வாதமும் அன்று சேர்ந்தே தோற்றது.

வேலையும் வாழ்வும்

'எல்லாப் பெண்ணும் மெகாவதி ஆக முடியுமா?' என்று கேட்பீர்கள். முடியாது; ஆகவும் வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்வு சுகமானதன்று. நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை குதித்து இறங்குவதால் முழங்காலும் தோளும் தேய்கின்றன. முப்பது வயதைக் கடந்தால் ஓய்வின் நிழல் விழத் தொடங்கும். குடும்பத்தைப் பிரிந்து அந்நிய நாட்டு விடுதி அறையில் காலம் கழிக்க வேண்டும். நம் ஆண்மக்கள் சஃபரில் படும் அவதியை அறிந்த உங்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் விளையாட்டின் பயன் அந்த உச்சியில் மட்டும் இருப்பதன்று. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பந்துக்காக 1973இல் மாலினி ரெட்டி, 1975இல் கே.சி. ஏலம்மா, 1984இல் சாலி ஜோசப் ஆகிய பெண்மணிகள் அர்ஜுனா விருது பெற்றார்கள். நம் நாட்டில் கைப்பந்துப் பெண்களுக்கு நீண்ட காலமாக வேலை கொடுத்து ஆதரித்தது இரயில்வே துறை. பெண்கள் தேசியப் போட்டிகளில் இரயில்வே அணி பல்லாண்டு கோலோச்சியதன் காரணமும் அதுவே. ஆட்டம் நின்ற பிறகும் அப்பெண்களுக்கு அலுவலக வேலை நிற்பதில்லை. தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுக்கென்று இடங்கள் உண்டு. இவ்விடங்களுக்கு விண்ணப்பிக்கும் பெண்களில் நம் சமுதாயப் பெண்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

வேலையையும் விடுங்கள், உடல்நலத்துக்கு வருவோம். வளரும் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 11 முதல் 17 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளில் உலகளவில் 85 விழுக்காட்டினருக்கு அந்த அளவு அசைவு இல்லை என்று 2019இல் வெளிவந்த அதன் ஆய்வு கூறியது. ஆண்பிள்ளைகளில் இது 78 விழுக்காடு. எலும்பு உரம் ஏறுவது பெரும்பாலும் பருவ வயதில்தான். குதிப்பதும் ஓடுவதும் அதற்கு உரமிடுகின்றன. அந்த வயதில்தான் நாம் பெண்பிள்ளையை உட்காரவைத்துவிடுகிறோம். பிறகு நாற்பது வயதில் நீரிழிவும் முழங்கால் வலியும் வந்து, மாத்திரைப் பெட்டியும் கையுமாக மருத்துவமனை வாசலில் நிற்கிறோம். வலிமை மிக்க முஃமின் பலவீனமான முஃமினை விடச் சிறந்தவர் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி இருக்கிறது. அது ஆண்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

நம் கரையிலேயே ஒரு சான்று

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு காலம் நினைவிருக்கும். வயதுக்கு வந்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா என்று இதே கரையில், இதே குடும்பங்களில் தயங்கினார்கள். 1988இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றியது. பெண்களுக்கென்று தனியிடம் அமைந்தது. அதன்பின் அந்தத் தயக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நம் கரையோர ஊர்களிலிருந்து பெண்மக்கள் பேருந்தேறிப் போய்ப் பட்டம் பெற்று வந்தார்கள். மார்க்கமும் குறைந்துவிடவில்லை, குடும்ப மானமும் குறைந்துவிடவில்லை. படிக்காதே என்று மார்க்கம் ஒருநாளும் சொல்லவில்லை. படிப்பதற்குத் தக்க இடம்தான் இல்லாதிருந்தது.

விளையாட்டிலும் அதே நிலைதான் இன்று. தேவைப்படுவது பெரிய அரங்கமன்று. 18 மீட்டருக்கு 9 மீட்டர் தரை. சுற்றிலும் ஓடி ஆடச் சில அடி இடம். நான்கு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். இரண்டு கம்பம், ஒரு வலை, சில பந்துகள். கற்றுக்கொடுக்க ஒரு பெண் ஆசிரியை. நம் பெண்கள் பள்ளிக்கூடங்களில், பெண்கள் மதரஸாக்களில், சமுதாயக் கூடங்களின் பின்புறங்களில் இவ்வளவு இடம் இல்லையா? ஒரு திருமண விருந்துக்கு நாம் செலவழிப்பதில் ஒரு பகுதி போதுமே! ஆண்பிள்ளைகளின் போட்டிகளுக்குக் கோப்பையும் பரிசுப் பணமும் தாராளமாக வழங்கும் நம் வெளிநாட்டுச் சகோதரர்கள், தங்கள் மகள்களுக்காக ஒரு சுவர் எழுப்ப மறுத்துவிடுவார்களா?

அங்கே ஆடும் நூறு பெண்களில் தொண்ணூற்றொன்பது பேர் நல்ல உடல்நலத்தோடு நல்ல இல்லத்தரசியராக, ஆசிரியைகளாக, மருத்துவர்களாக வாழ்வார்கள். அதுவே பெரும் பேறு. எஞ்சிய ஒருத்திக்கு அல்லாஹ் தனித் திறமையைக் கொடுத்திருந்தால், அவள் எந்த வழியில், எந்த வரம்புக்குள் மேலே செல்வது என்பதை அவளும் பெற்றோரும் ஆலிம்களும் கலந்து முடிவெடுக்கட்டும். ஆனால் அந்தத் திறமை தன்னிடம் இருந்ததென்றே அறியாமல் அவள் முதுமையடைவது நியாயமாகுமா? அமானிதம் எதுவென்று திறந்துகூடப் பார்க்காமல் மண்ணில் புதைப்பதற்கு நாளை நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

சகோதரியே, இன்று மாலையும் அஸருக்குப் பின் உங்கள் தெருக்கோடியில் வலை கட்டுவார்கள். இன்றும் ஒருவேளை பந்து உங்கள் முற்றத்தில் வந்து விழலாம். உங்கள் மகள் அதை எடுத்து எறியும்போது, அடுப்படியிலிருந்து ஒரு நொடி எட்டிப் பாருங்கள். அவள் கை எவ்வளவு உயர்கிறது, பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று கவனியுங்கள். இரவு அவளுடைய வாப்பா வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும்போது, நகை, வீட்டுக் கணக்கு, கல்யாணச் செய்தி இவற்றோடு அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களுக்கு ஈமானில் உறுதியையும், உடலில் வலிமையையும், வாழ்வில் கண்ணியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.